வயலோரம் விருந்தினர்: திருவண்ணாமலை விவசாயிகளுக்கு ஏற்ற உபதொழில்

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்கானோர் வருகின்றனர். 14 கி.மீ. கிரிவலம் முடித்து, அண்ணாமலையாரைத் தரிசித்து, பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ ஊர் திரும்புகின்றனர். ஊரைச் சுற்றியுள்ள நெல் வயல்களும், இப்பகுதியில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலைக் கொல்லைகளும், பூந்தோட்டங்களும் அவர்களுக்குப் பேருந்து ஜன்னலோடு சரி. ஆனால் அண்மைக் காலமாகச் சென்னை, பெங்களூரு போன்ற நகரக் குடும்பங்களில் சில, குழந்தைகளுடன் ஓரிரு நாட்கள் கிராமத்தில் தங்கிச் செல்ல விரும்புகின்றன. கட்டில், மெத்தை, தனிக் கழிப்பறை ஆகியவற்றுடன் கூடிய கூடாரத்தில் இப்படித் தங்குவதை 'கிளாம்பிங்' என்கின்றனர். சொகுசுக் கூடாரத் தங்கல் என்று இதைச் சொல்லலாம்.

இதைக் கேள்விப்பட்டு, கடன் வாங்கிக் கூடாரமும் நீச்சல் குளமும் அமைக்க முனையும் விவசாயிகள் உண்டு. நிலத்தின் ஒரு பகுதியைப் பிறருக்கு விற்றுவிட எண்ணுவோரும் உண்டு. இரண்டுக்கும் முன் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். விருந்தினர் வருவது கூடாரத்தைப் பார்க்க அல்ல; பண்ணையைப் பார்க்க. பயிர் இல்லாத இடத்தில் கூடாரம் வெறும் துணிதான்.

பிற இடங்களின் அனுபவம்

இத்தாலி நாட்டில் 1985-ஆம் ஆண்டிலேயே பண்ணைச் சுற்றுலாவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. விவசாயத் தொழிலே முதன்மையாக இருக்க வேண்டும், விருந்தினரைத் தங்கவைப்பது அதற்குத் துணையாக மட்டுமே அமைய வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. நம் நாட்டில் மகாராஷ்டிர மாநிலம் பாராமதிப் பகுதியில் பாண்டுரங் தாவரே என்பவர் 2005 வாக்கில் வேளாண் சுற்றுலாவைத் தொடங்கிப் பல விவசாயிகளுக்கும் கற்பித்தார். 2020-இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கையே வெளியிட்டது. கரும்பு, காய்கறி, கறவை மாடு ஆகியவற்றோடு விருந்தினர் வருவாயும் சேர்ந்ததே அங்கு கிடைத்த பலன். பயிரை விட்டுவிட்டு விருந்தினரைப் பிடிப்பது அல்ல.

பட்டமும் விடுமுறையும்

திருவண்ணாமலை மாவட்டப் பயிர்ப் பட்டங்கள் பள்ளி விடுமுறைகளோடு நன்கு பொருந்துகின்றன. காலாண்டு விடுமுறையை ஒட்டி மானாவாரி நிலக்கடலை முற்றி அறுவடைக்கு வரும். பொங்கல் சமயத்தில் சம்பா நெல் அறுவடை. ஏப்ரலில் நவரை நெல்லும், மார்கழிப் பட்டத்தில் விதைத்த இறவை நிலக்கடலையும் அறுவடையாகும். கோடையில் விடியற்காலையில் மல்லிகை பறிக்கலாம். செடியைப் பிடுங்கிக் காய் ஆய்வது, பச்சைக் காயை வேகவைத்து உண்பது, கன்றுக்குத் தீவனம் வைப்பது, வரப்பில் நடப்பது ஆகியவை நகரக் குழந்தைகளுக்குப் புதிய அனுபவம். இவற்றுக்குத் தனிச் செலவு இல்லை.

களத்தில் வேலை செய்யும் ஆண்களும் பெண்களும் காட்சிப் பொருள் அல்லர். அவர்கள் அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது என்பதை விருந்தினரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதலீட்டுக் கணக்கு

கீழ்க்காணும் தொகைகள் கணக்கிடும் முறையை விளக்குவதற்கு மட்டுமே. விவசாயிகள் தங்கள் ஊர் விலையைக் கொண்டு கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு சொகுசுக் கூடாரத்துக்கு மேடை, கழிப்பறை உள்பட 2 லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். அது 5 ஆண்டுகள் உழைத்தால் தேய்மானம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். வட்டி நூற்றுக்குப் பத்து வீதம் 20,000. ஆக, ஆண்டுக்கு 60,000 ரூபாய். ஓர் இரவுக்குச் சாப்பாட்டுடன் ஒரு குடும்பம் 2,000 ரூபாய் தந்து, அதில் உணவு, சலவை, துப்புரவுக்கு 800 செலவானால் மீதம் 1,200. ஆண்டில் 50 இரவுகள் நிரம்பினால்தான் போட்ட பணம் சரிக்குச் சரியாகும். அதற்கு மேல்தான் இலாபம்.

வீட்டை ஒட்டி ஏற்கெனவே உள்ள ஓர் அறையைச் செப்பனிட்டு, கழிப்பறை கட்ட 60,000 ரூபாய் ஆகிறது என்று கொண்டால், தேய்மானமும் வட்டியும் ஆண்டுக்கு 18,000. கட்டணம் 1,600 ரூபாய் மட்டுமே என்றாலும், அதே 800 செலவு போக மீதம் 800. 23 இரவுகளில் செலவு ஈடாகிவிடும். ஆகவே முதல் ஆண்டில் ஓர் அறையுடன் தொடங்கி, வருவோர் எண்ணிக்கையைக் குறித்துவைத்து, பின்னரே கூடாரம் பற்றி முடிவு செய்வது நல்லது. பௌர்ணமிக் கூட்டத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

இன்னொரு செலவு பெரும்பாலும் கணக்கில் வருவதே இல்லை. சமையல், பாத்திரம், படுக்கை விரிப்பு என்று கூடுதல் வேலை எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது. வெளியாளை வைத்தால் தரும் கூலியை அவர்கள் பெயரிலும் எழுத வேண்டும். அதன் பிறகும் இலாபம் நின்றால்தான் தொழில் நிற்கும்.

கிணறும் தண்ணீரும்

இம்மாவட்டத்தின் பெரும்பகுதி பாறை நிலம். கிணறும் ஏரியும்தான் பாசனத்துக்கு ஆதாரம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று நகரக் குடிநீர்த் திட்டங்களில் கணக்கிடுவர். இதன்படி 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு 540 லிட்டர். இரு குடும்பங்களுக்கு 1,080 லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்தில் சுமார் 48 லட்சம் லிட்டர் தேவைப்படுவதோடு ஒப்பிட்டால் இது சிறிய அளவே. ஆனால் கிணற்றில் ஊற்று மந்தமாகும் மே மாதத்தில்தான் விருந்தினர் கூட்டமும் அதிகம் என்பதை மறக்கக் கூடாது.

10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள நீச்சல் குளத்துக்கு 60,000 லிட்டர் வேண்டும். கோடையில் நாளொன்றுக்கு 8 மி.மீ. ஆவியானால் 400 லிட்டர் காற்றோடு போய்விடும். குளோரின் கலந்த அத்தண்ணீர் பயிருக்கும் ஏற்றதல்ல. பம்புசெட் தொட்டியில் குளிப்பதோ குழந்தைகளுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும். சோப்பும் ஷாம்பூவும் அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால், குளித்த தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகாமல் வாய்க்கால் வழியே பயிருக்குப் போய்ச் சேரும்.

மழைநீரையும் விட்டுவிடக் கூடாது. 50 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் ஆண்டுக்கு 1,000 மி.மீ. மழை பெய்தால், இழப்பு போக 40,000 லிட்டர் கிடைக்கும். அதை வடிகட்டித் தொட்டியிலோ கிணற்றிலோ சேர்க்கலாம்.

கழிவு மீண்டும் நிலத்துக்கே

தண்ணீரின் அளவைவிட அதன் தூய்மையே பெரிய கவலை. கழிவுநீர் பாறை வெடிப்பு வழியே கிணற்றில் இறங்கினால் குடிநீரும் கெடும், பண்ணையின் பெயரும் கெடும்.

கழிப்பறைக்கு இரட்டை உறிஞ்சுகுழி முறை ஏற்றது. குழிகள் கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில் இருக்க வேண்டும். குறைந்தது 10 மீட்டர் தள்ளியும், வெடிப்புப் பாறை உள்ள இடங்களில் இன்னும் கூடுதலாகத் தள்ளியும் அமைக்க வேண்டும். ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிரம்பிய குழியை 2 ஆண்டுகள் மூடி வைத்தால் கழிவு மக்கி உரமாகும். பினாயிலும் ஆசிட்டும் அதிகம் ஊற்றினால் மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும்.

குளியலறை, சமையலறைக் கழிவுநீரைக் கூழாங்கல், மணல் நிரப்பிய பள்ளத்தில் வடித்து, கல்வாழைப் பாத்தி வழியே வாழைக்குப் பாய்ச்சலாம். இரு குடும்பங்கள் தங்கும் நாளில் கிடைக்கும் சுமார் 860 லிட்டர், 40 வாழை மரங்களுக்குப் போதும். கீரைக்கும், பச்சையாக உண்ணும் காய்களுக்கும் இந்நீரைப் பாய்ச்சக் கூடாது. காய்கறிக் கழிவு மண்புழு உரமாகட்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழகத்தில் 1-1-2019 முதல் தடை உள்ளது. வாழையிலை, மந்தாரை இலை, எவர்சில்வர் டம்ளர் ஆகியவை இருக்கையில் அவை தேவையும் இல்லை.

இடத் தேர்வும் பாதுகாப்பும்

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, பெஞ்சல் புயல் மழையின்போது அண்ணாமலை அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். மலைச் சரிவிலும், ஓடைப் போக்கிலும், ஏரியின் நீர்ப்பிடிப்பிலும் தங்குமிடம் அமைக்கவே கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. மேடான, வடிகால் உள்ள, வண்டி வந்து திரும்பக்கூடிய இடமே ஏற்றது.

வெயிலில் நிற்கும் கூடாரம் பகலில் அடுப்பாகக் காயும். வேம்பு, புங்கன் நிழலில் அமைக்கலாம். நிழல் இல்லையெனில் கூடாரத்துக்கு மேலே 2 அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போடலாம். தென்னை மரத்தடியில் மட்டும் வேண்டாம். காயும் மட்டையும் விழும். மேலும் கவனிக்க வேண்டியவை:

1. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் கம்பி வலையும் கட்டாயம்.

2. பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். மருந்து தெளித்த வயலில் விருந்தினரை இறக்கக் கூடாது.

3. கூடாரத்தைச் சுற்றிப் புதரும் விறகுக் குவியலும் இருந்தால் எலி வரும்; எலியைத் தேடிப் பாம்பு வரும். இரவில் விளக்கும் காலில் செருப்பும் இன்றி நடக்கவிடக் கூடாது. பாம்பு கடித்தால் கீறுவதும் கட்டுவதும் செய்யாமல், உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

4. வைக்கோல் போர் அருகிலோ மலையை ஒட்டியோ நெருப்பு மூட்டக் கூடாது. 1980-களின் இறுதியிலிருந்து அண்ணாமலையில் பாடுபட்டு வளர்க்கப்படும் மரங்களுக்குக் கோடைத் தீயே பெரும் எதிரி.

அனுமதிகள்

விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பிலிருந்து விருந்தினர் குடிலுக்கு மின்சாரம் எடுப்பது குற்றம். தனி இணைப்புப் பெற வேண்டும். சூரிய விளக்கும் வைக்கலாம். நிலையான கட்டடம் எழுப்பும் முன் ஊராட்சியிலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும். உணவு வழங்குவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆசிரமங்களுக்கு வரும் வெளிநாட்டவர் பண்ணையில் தங்கினால், அவ்விவரத்தை 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிகளுக்கு இணையதளம் வழியே தெரிவிக்க வேண்டும்.

விளைபொருள் விற்பனை

வந்த குடும்பம் புறப்படும்போது மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், கைக்குத்தல் அரிசி, காய்கறி, நெய் வாங்கிச் செல்லும்படி ஏற்பாடு செய்யலாம். பயிர் விளைந்ததைக் கண்ணால் கண்டவர்கள் விலையில் பேரம் பேசுவது குறைவு. வீடு திரும்பிய பின்னும் எண்ணெய் கேட்டு எழுதுவர். இடைத்தரகர் இன்றிக் கிடைக்கும் இந்த விற்பனை, சில பண்ணைகளுக்குத் தங்கும் கட்டணத்தைவிட நிலையான வருவாயாக அமையக்கூடும்.

இவ்வுபதொழிலில் இறங்க விரும்புவோர் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகி, தங்கள் நிலத்துக்கு ஏற்ற பயிர்த் திட்டத்தை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டும். பயிர்த் திட்டம் ஆயத்தமான பிறகு அறையைச் செப்பனிடலாம். வயல் பசுமையாக இருந்தால் ஒருமுறை வந்த குடும்பம் அடுத்த விடுமுறைக்கு இன்னொரு குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு வரும்.