ராஜேந்திரன் ஊர்ப் பெண்ணுக்கு

கங்கைகொண்ட சோழபுரம்

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் முழுக்க அலைதான். பெரிய ஸ்வெல் வருகிறதாம், கோவளத்தில் பலகைக்கு மெழுகு தேய்த்துவிட்டு எல்லாரும் தூக்கமில்லாமல் காத்திருக்கிறீர்களாம். படிக்கவே சந்தோஷமாக இருந்தது. ஒரு வரி மட்டும் இடித்தது: "ராஜேந்திரன் ஊர்க்காரிக்குக் கடல் என்ன புதுசா மாமா?"

புதுசுதான் அம்மா. 1025இல் கடாரத்துக்குப் படை போனது உண்மை. ஆனால் அந்தக் கப்பல்களைச் செலுத்தியவர்கள் இங்கே வெள்ளாமை பார்த்தவர்களாக இருந்திருக்க முடியாது. காற்றும் நீரோட்டமும் தெரிந்த கரைக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நமக்குச் சோழகங்கம் ஏரிதான் கடல், அதிலும் தண்ணீர் இருந்தால்.

நீ காத்திருக்கும் அலை வங்கக் கடலில் பிறந்ததல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அங்கே குளிர் உச்சத்தில் இருக்கும் மாதங்களில், புயல்காற்று கிளப்பிவிட்ட அலை பல நாள் நடந்து நம் கரைக்கு வருகிறது. ஆசிய சர்ஃபிங் போட்டி 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்ததும், அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியதும் இந்தப் பருவத்தில்தான். இங்கே வானம் பளிச்சென்று இருக்கும், பலத்த காற்றும் இருக்காது, அலை மட்டும் ஓங்கி வரும். அதனால் உயரத்தைப் பார்ப்பதற்கு முன் இடைவெளியைப் பார். அலைக்கு அலை 7 வினாடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பியது. 14 வினாடி என்றால் தூரத்துச் சரக்கு. ஆழ்கடலில் அதன் நீளம் சுமார் 300 மீட்டர். இடைவெளி இரண்டு மடங்கானால் நீளம் நான்கு மடங்காகும். உயரம் ஒன்றாகவே தெரிந்தாலும் அடிக்கிற வலு வேறு. வருவதும் கூட்டமாக வரும். பிறகு சில நிமிடம் கடல் சும்மா கிடக்கும். புதியவர்கள் ஏமாந்து இறங்குவது அந்தச் சும்மா நேரத்தில்தான்.

2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட அலையில்தான். இப்படிச் சொல்லாமல் வரும் அலையைக் கள்ளக்கடல் என்பார்கள்; அந்த எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்பே விட்டிருந்தது. படித்த பிள்ளைகள்.

நீ படிக்க வேண்டியது குப்பத்தில் இருக்கிறது. கோவளத்தில் சர்ஃப் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவன் மீனவர். அவர் வழியாக அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் பலர் பலகை ஏறினார்கள். உனக்குச் சொல்லித்தருகிற பையன் உன்னைவிட வயதில் சின்னவனாக இருக்கலாம், உன் அளவுக்கு இங்கிலீஷ் வராமல் இருக்கலாம். தண்ணீரில் அவன் உனக்கு அண்ணன். அவன் இறங்காத நாளில் நீயும் இறங்காதே. ஏன் என்று கேள். கரைக்கு வந்தபிறகு கேள்.

விடிகாலையிலேயே போய்விடு. கச்சான் என்கிற மேல்காற்று கரையிலிருந்து வீசும்போது அலையின் முகம் வழவழப்பாக நிற்கும். வெயில் ஏறிக் கடல்காற்று திரும்பினால் எல்லாம் கலைந்துவிடும். இறங்குமுன் அரை மணி நேரம் மணலில் உட்கார்ந்து, எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பார். அலை உடையாமல் கறுத்துக் கிடக்கும் சந்து பத்திரமானது போலத் தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பி ஓடுவது அந்த வழியாகத்தான். இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதே. பலகையை விடாமல் பக்கவாட்டில் துடுப்பிட்டு வெளியேறு.

இன்னொருவர் எழுந்து நின்ற அலையில் குறுக்கே பாய்வதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அங்கேயே திட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். சொந்தப் பலகை கேட்டிருந்தாய். இந்த வருஷம் வாடகைப் பலகை போதும், மெத்தென்ற வகையாகப் பார்த்து எடு. பணம் அடுத்த பருவத்துக்குத் தருகிறேன்.

நீ அலை ஏறப் போவதை அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஆடித் திருவாதிரை விழாவுக்கு ஊருக்கு வரும்போது நீயே சொல்லிவிடு. நான் பக்கத்தில் இருக்கிறேன், ஆனால் முதலில் வாய் திறக்கமாட்டேன்.

அன்புடன்,
மாமா