ஒருவரையொருவர் விசாரித்தல்: ஆதித் திருச்சபையும் இன்றைய தனிமையும்

க.பொ.த. (சாதாரண தரம்) – கிறிஸ்தவம்

ஆதித் திருச்சபையின் ஐக்கிய வாழ்வு பற்றி வினா வந்தால் மாணவர்களிற் பெரும்பாலானோர் ஒரே விடையைத்தான் எழுதுகின்றனர். அன்பாக இருந்தார்கள், எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தார்கள், கூடி ஜெபித்தார்கள். இதிற் பிழையில்லை. ஆனால் யார், யாருக்கு, எப்போது, என்ன செய்தார் என்பது அந்த விடையில் இல்லை. அதனாற்றான் முழுப்புள்ளி கிடைப்பதில்லை. இப்பாடத்தை வேதாகமத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். யாக்கோபு 1:27 இல் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் பற்றிச் சொல்லும் இடத்தில் நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'விசாரித்தல்' என்னும் சொல்லையே பயன்படுத்துகிறது. இன்று 'விசாரணை' என்றதும் நமக்குப் பொலிஸ் நிலையம் நினைவுக்கு வருகிறது. ஆனால் 'நலம் விசாரித்தல்' என்ற வழக்கில் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. கேட்டறிதல், பராமரித்தல் ஆகிய இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். கேட்டறியாமற் பராமரிக்க முடியாது என்பதை இப்பாடம் முழுவதும் காணலாம்.

தனிமையும் தனித்திருத்தலும்

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இயேசு அதிகாலையில் எழுந்து வனாந்தரமான இடத்துக்குத் தனியே போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). அது அவர் விரும்பித் தேடிக்கொண்ட தனித்திருத்தல். அதே இயேசு கெத்செமனேயிற் பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரையும் தம்மோடு விழித்திருக்குமாறு கேட்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள் (மாற்கு 14:32–42). அருகில் மூவர் இருந்தும் துணையில்லாத நிலை அது. சனக்கூட்டத்தின் நடுவிலும் ஒருவர் தனிமையை உணரலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

தனிமை இன்று உலகளாவிய பிரச்சினையாக எண்ணப்படுகிறது. பிரித்தானியா 2018 இல் தனிமைக்கென ஓர் அமைச்சரை நியமித்தது. யப்பான் 2021 இல் அவ்வாறே செய்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025 இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையாற் பாதிக்கப்பட்டுள்ளார். தனிமை என்றதும் முதியோர் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் 13 முதல் 29 வயது வரையுள்ளோரில் 17 முதல் 21 வீதமானோர் தனிமையை உணர்வதாகக் கூறியுள்ளனர் என்றும், அவர்களிலும் பதின்ம வயதினரே கூடுதலாகப் பாதிக்கப்பட்டுள்ளனர் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. அதாவது உங்கள் வகுப்பறையில் இருப்பவர்களும் அந்தக் கணக்கில் அடங்குவர்.

எருசலேமில் எழுந்த முறுமுறுப்பு

பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சபையிற் சேர்க்கப்பட்டனர் (அப். 2:41). அன்று அங்கே நின்றோர் பல தேசங்களிலிருந்து வந்தவர்கள். பெயரும் முகமும் அறியாத இத்தனை பேரை ஒன்றாக்குவது எப்படி? அப். 2:42 நான்கு விடயங்களைக் கூறுகிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். 'அந்நியோந்நியம்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் 'கொயினோனியா' என்ற சொல் வருகிறது. பங்கு கொள்ளுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே பொருளிற் பங்காளிகள் என்பதால் அது தருமம் கொடுப்பதிலிருந்து வேறுபட்டது. அவர்கள் வீடுகள்தோறும் அப்பம் பிட்டு உணவருந்தினார்கள் (2:46) என்பதையும் விடையிற் சேர்த்துக்கொள்ளுங்கள். மூவாயிரம் பேர் கொண்ட சபை ஒரு வீட்டுத் திண்ணையின் அளவுக்குச் சிறிதானால்தான் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்க முடியும்.

இனி 6ஆம் அதிகாரத்துக்கு வருவோம். பரீட்சைக்கு மாத்திரமன்றி, இப்பாடம் முழுவதற்குமே இதுதான் முக்கியமான பகுதி. சபை வளர்ந்தபோது கிரேக்க மொழி பேசிய யூதரின் விதவைகள் தினசரி உதவியிற் கவனிக்கப்படாமல் விடப்பட்டனர் என்று முறுமுறுப்பு உண்டானது. இவ்விதவைகள் யார்? வெளிநாடுகளில் வாழ்ந்த யூதரிற் சிலர் முதுமையில் எருசலேமுக்கு வந்து குடியேறியதாகவும், கணவன் இறந்தபின் அவர்களின் மனைவியருக்கு அந்நகரில் உறவினர் எவரும் இருக்கவில்லை எனவும் வேத அறிஞர் கருதுவர். சொந்தமும் இல்லை, ஊர்மொழியும் சரளமாக வராது. எவரும் வேண்டுமென்று அவர்களை ஒதுக்கியதாக வேதாகமம் கூறவில்லை. பங்கீடு செய்தவர்களின் கண்ணில் அவர்கள் படவில்லை. தமக்குத் தெரிந்தவர்களை மட்டுமே கவனிக்கும் சபையில் எப்போதும் நடப்பது இதுதான்.

அப்போஸ்தலர் செய்ததைப் பாருங்கள். முறையிட்டவர்களை அவர்கள் அதட்டவில்லை. "ஜெபியுங்கள், எல்லாம் சரியாகும்" என்று அனுப்பிவிடவும் இல்லை. சபையாரைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிவு செய்யுமாறு கூறினார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகிய ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடப்பட்டவர்களின் மொழியை அறிந்தவர்களிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். (இந்த ஏழு பேருக்கும் 'உதவிக்காரர்' என்ற பதவிப்பெயரை அப். 6 சூட்டவில்லை. பிற்காலத் திருச்சபை மரபே அவ்வாறு அழைத்தது. இதனை மாற்றி எழுதுவோர் பலர்.)

பெயர் எழுதிய பட்டியல்

யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் விதவைகளுக்கு ஆடைகள் தைத்துக் கொடுத்தாள். அவள் இறந்தபோது விதவைகள் அந்த ஆடைகளைப் பேதுருவுக்குக் காட்டி அழுதார்கள் (அப். 9:36–42). இது ஒரு தனிநபரின் சேவை. 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரத்திலோ சபையே விதவைகளுக்கென ஒரு பட்டியல் வைத்திருந்ததைக் காண்கிறோம். அறுபது வயதுக்குக் குறையாதவர்களே அதிற் சேர்க்கப்பட்டனர். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் முதலில் அவர்களே பார்க்க வேண்டும், மெய்யாகவே தனித்துவிடப்பட்டவர்களைச் சபை பார்க்கும் என்ற ஒழுங்கும் அங்கே உண்டு. சிலருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். என் எண்ணத்தில் இது நடைமுறை அறிந்தவர்கள் எழுதிய விதி.

வேதாகமத்துக்கு வெளியிலும் சான்று உண்டு. ஏறக்குறைய கி.பி. 155 இல் யுஸ்தீன் என்பவர் உரோமப் பேரரசனுக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். வசதியுள்ளோர் விரும்பியதைக் கொடுப்பர். அது தலைவரிடம் சேர்க்கப்பட்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், ஊருக்குப் புதிதாக வந்த அந்நியர் ஆகியோருக்குச் செலவிடப்படும். இன்னொன்றையும் அவர் குறிப்பிடுகிறார்: ஆராதனைக்கு வராதவர்களுக்கு அப்பமும் இரசமும் உதவிக்காரரின் கையில் அனுப்பப்பட்டன. அப்படியானால் யார் வரவில்லை என்பது சபைக்குத் தெரிந்திருந்தது. கி.பி. 251 அளவில் உரோமாபுரிச் சபை 1500 இற்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் பராமரித்தது என்பதை ஆயர் கொர்னேலியுவின் கடிதத்தால் அறிகிறோம்.

பவுலின் மேலங்கி

பராமரிப்பு ஏழைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவது இன்னொரு தவறு. 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பவுல் ஒரு கைதி. தேமா விட்டுப் போய்விட்டான். லூக்கா மட்டும் உடனிருக்கிறான். முதல் விசாரணையின்போது எவரும் கூட நிற்கவில்லை. துரோவாவிற் கார்ப்பு என்பவரிடம் விட்டு வந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டு வரும்படி தீமோத்தேயுவிடம் கேட்கிறார், மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்றும் கேட்கிறார். பல சபைகளை நிறுவிய அப்போஸ்தலனுக்குக் குளிர்கிறது, ஆளும் வேண்டும்! இதே நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் ஒநேசிப்போரு என்பவர் வருகிறார். உரோமாபுரிக்கு வந்து, பவுல் இருக்குமிடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர் அவர் (1:16–17). ஒரு கைதியைத் தேடி விசாரித்துக்கொண்டு அந்நகரத் தெருக்களில் அலைவது ஆபத்தில்லாத காரியமன்று. பவுலின் சங்கிலியைக் குறித்து அவர் வெட்கப்படவில்லை என்று நிருபம் கூறுவதைக் கவனியுங்கள். தலைவர்களையும் குருமாரையும் ஆசிரியர்களையும் எவரும் விசாரிப்பதில்லை, அவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பிரிஸ்டல் நகரின் ஒரு பென்னி

பிற்கால வரலாற்றில் ஓர் உதாரணம் எழுத விரும்புவோர் மெதடிஸ்தரின் 'வகுப்பு' முறையை எழுதலாம். 1742 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜோன் வெஸ்லியின் சங்கத்தார் கூடினர். பேசப்பட்டது ஆன்மீக விடயமன்று, கட்டடக் கடன். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கப்டன் ஃபோய் என்பவர். பலர் அதற்கும் வசதியற்றவர்கள் என்று ஒருவர் சொல்ல, மிக வறிய பதினொரு பேரைத் தம்மிடம் விடுமாறு அவர் கேட்டார். வாரந்தோறும் அவர்களைச் சென்று பார்ப்பதாகவும், அவர்களால் இயலாவிட்டால் தாமே அவர்களுக்காகவும் கொடுப்பதாகவும் கூறினார். மற்றவர்களும் அவ்வாறே முன்வந்தனர். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்ற ஒழுங்கு இப்படித்தான் உருவானது.

பணம் சேர்க்க வீடு வீடாகப் போனவர்கள் உள்ளே நடப்பதைக் கண்டார்கள். ஒருவர் நோயில், ஒருவர் வறுமையில், வேறொருவர் குடியில். தாம் நெடுநாள் தேடியது இதுதான் என்று வெஸ்லி உணர்ந்துகொண்டார். பின்னர் வீடுகளுக்குப் போவதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை அப்பன்னிருவரும் ஓரிடத்திற் கூடலாயினர். வேலைக்காரராய் இருந்தோரை எசமானரின் வீட்டிற் சந்தித்துப் பேசுவது கடினமாய் இருந்தது அதற்கு ஒரு காரணம். 1814 இல் காலித் துறையில் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரிமார் அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வந்தனர். அவர்களோடு இம்முறையும் இலங்கைக்கு வந்தது.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. நலம் கேட்கப் போனவர் குற்றம் கண்டுபிடிப்பவராக மாறக்கூடும். வெஸ்லியின் தலைவர்களுக்கு ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் இருந்தது. 'விசாரித்தல்' என்ற சொல் பொலிஸ் விசாரணையாக மாறும் இடம் அது.

நம் சபைகளில்

நம் ஊர்களில் மரணவீட்டுக்கு ஆள் குறைவதில்லை. சமையலுக்கும் பந்தலுக்கும் சபையார் முன்னிற்பர். முப்பத்தோராம் நாள் முடிந்து கதிரைகள் திரும்பிப் போன பின்புதான் அந்த வீட்டில் தனிமை தொடங்குகிறது. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் ஒரு தாய் மட்டும் இருக்கிறார். பணம் மாதாமாதம் வருகிறது. ஆகையால் அவர் சபையின் ஏழைகள் பட்டியலில் இல்லை. எருசலேமின் விதவைகளைப் போலவே எவரின் கண்ணிலும் படாமற் போகிறார். தாய் மத்திய கிழக்கில் வேலைசெய்ய, பாட்டியுடன் வளரும் பிள்ளையின் நிலையும் அத்தகையதே.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் ஆலயங்கள் மூடப்பட்டபோது ஆராதனை தொலைபேசித் திரைக்கு வந்தது. அது பெரும் உதவிதான். ஆயினும் தினமும் காலையிற் பூப்படத்துடன் வசனம் அனுப்புவதை நாம் பராமரிப்பு என்று எண்ணப் பழகிவிட்டோம். குளிரில் நிற்பவனிடம் ஒன்றும் கொடாமல் நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவதை யாக்கோபு 2:15–16 எவ்வாறு கண்டிக்கிறது என்பதை வாசித்து, இதனோடு ஒப்பிட்டு எழுதலாம்.

இன்னும் இரண்டு விடயங்கள். ஒருவர் ஜெபிக்கும்படி சொன்ன குடும்பச் சிக்கல் அடுத்த நாள் ஊர்க்கதையானால், அவர் மறுபடி வாய் திறக்கமாட்டார். இரகசியம் காத்தல் பராமரிப்பின் ஒரு பகுதி. அடுத்து, வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் ஜெபத்துடன் நின்றுவிடக் கூடாது. அவரைத் தனியே விடாமல் வைத்திய உதவியைப் பெறச் செய்ய வேண்டும். அதற்கென 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் உண்டு.

பயிற்சி வினாக்கள்

1. (i) அப். 2:42 இற் கூறப்படும் நான்கு விடயங்களையும் எழுதுக.
(ii) 'கொயினோனியா' என்பது தருமம் கொடுப்பதிலிருந்து வேறுபடுமாற்றை விளக்குக.

2. அப். 6:1–6 இல் எழுந்த பிரச்சினை யாது? அதன் காரணத்தையும் அப்போஸ்தலர் அதனைத் தீர்த்த விதத்தையும் விபரிக்குக. (குறிப்பு: "ஏழு பேரை நியமித்தார்கள்" என்று ஒரு வரியில் முடிக்க வேண்டாம். தெரிவு செய்தோர் யார், பொறுப்புக் கொடுத்தோர் யார் என்பதைப் பிரித்து எழுதுக.)

3. 2 தீமோத்தேயு 1:16–17, 4:9–21 ஆகிய பகுதிகளைக் கொண்டு, சிறையிலிருந்த பவுலின் தேவைகளையும் அவருக்குத் துணை நின்றோரையும் குறிப்பிடுக.

4. உங்கள் சபையில் நான்கு வாரங்களாக ஆராதனைக்கு வராத ஒருவர் இருக்கிறார் எனக் கொள்க. வாலிபர் சங்கத்தின் செயலாளர் என்ற வகையில் நீங்கள் செய்யக்கூடியவற்றை வேதாகம ஆதாரங்களுடன் எழுதுக. (இவ்வினாவுக்கு விடை எழுத முன்னர், அவ்வாறு வராதிருக்கும் ஒருவரின் பெயர் உங்களுக்கு உண்மையிலேயே தெரியுமா என்று யோசித்துப் பாருங்கள். பெயரை விடைத்தாளில் எழுத வேண்டாம்.)