எந்த ஜாவாவை ஏற்றுவது?

உங்கள் கணக்குப் பாடநூலில் ஜியோஜீப்ரா என்ற மென்பொருளைக் கொண்டு செய்யவேண்டிய செயல்பாடுகளைக் கண்டிருப்பீர்கள். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும். ஆனால் மூன்றையும் கூட்டினால் 180 பாகைதான். இதைக் கண்ணால் காட்டும் அந்த மென்பொருளை 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் தொடங்கினார். மேசைக் கணிப்பொறியில் ஓடும் அதன் ஐந்தாம் பதிப்பு ஜாவா மொழியில் எழுதப்பட்டது.

சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளியில் லினக்ஸ் ஏற்றிய பத்துக் கணிப்பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் ஜியோஜீப்ரா ஐந்தாம் பதிப்பை ஓட்டவேண்டும். அது ஓடுவதற்கு 'ஜாவா' வேண்டும் என்று தெரியவருகிறது. தேடிப் பார்த்தால் ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா ஒன்று, ஓப்பன்ஜேடிகே என்ற ஜாவா ஒன்று என இரண்டு கிடைக்கின்றன. இரண்டிலும் ஜியோஜீப்ரா ஓடும். முக்கோணமும் ஒரே மாதிரி அசையும். அப்படியானால் எதை ஏற்றுவது? ஏதாவது ஒன்று போதும் என்று விட்டுவிடலாமா? இந்தக் கேள்விக்கு விடை காண, முதலில் இந்த 'ஜாவா' செய்யும் வேலை என்ன என்று அறியவேண்டும்.

குறிப்பும் வாத்தியக்காரரும்

ஒரு கீர்த்தனையை ஸரிகம குறிப்பில் எழுதி வைக்கிறார்கள். வீணைக்காரர் அதைப் பார்த்து வீணையில் வாசிக்கிறார். அதே தாளைப் பார்த்து நாகசுரக்காரர் நாகசுரத்தில் வாசிக்கிறார். குறிப்பு ஒன்றுதான், அதைத் தம் வாத்தியத்தின் விரல் அசைவாக மாற்றத் தெரிந்தவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒருவர் வேண்டும்.

ஜாவாவும் இப்படித்தான். நாம் எழுதும் நிரல் முதலில் 'பைட்கோடு' என்னும் குறிப்பாக மாற்றப்படுகிறது. இது எந்தக் கணிப்பொறிக்கும் நேரடியான தாய்மொழி அன்று. இந்தக் குறிப்பைப் படித்து, அந்தந்தக் கணிப்பொறிக்கு ஏற்ற கட்டளைகளாக மாற்றி நடத்தும் மென்பொருளே இயக்கச்சூழல். கணிப்பொறித் துறையினர் இதனை 'ரன்டைம்' என்பர்.

எடுத்துக்காட்டாக, இரண்டு முழு எண்களைக் கூட்டி விடையைத் திருப்பித் தரும் ஒரு சிறு செயற்கூறு பைட்கோடில் 26, 27, 96, 172 என்ற நான்கே எண்களாக அமையும். 26 என்றால் முதல் எண்ணை எடு. 27 என்றால் இரண்டாம் எண்ணை எடு. 96 என்றால் கூட்டு. 172 என்றால் விடையைத் திருப்பிக் கொடு. இன்டெல் சில்லு ஆனாலும், கைபேசியில் உள்ளது போன்ற ஆர்ம் சில்லு ஆனாலும், இந்த எண்களின் பொருள் மாறுவதில்லை.

இயக்கச்சூழலுக்கு வேறு பொறுப்புகளும் உண்டு. அடிக்கடி ஓடும் பகுதியைக் கண்டறிந்து, அதை நேரடி இயந்திரக் கட்டளைகளாக மாற்றி வைத்துக்கொள்ளும். இதனால் வேகம் கூடும். பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் திரும்பச் சேகரிக்கும். திரையில் எழுத்துகளை வரையும். குறிப்பில் முறைகேடான கட்டளை இருந்தால் ஓட்ட மறுக்கும். எனவே இயக்கச்சூழலில் ஒரு பாதுகாப்புக் குறை இருந்தால், அதன்மேல் ஓடும் எல்லா நிரல்களுக்கும் அது ஆபத்து ஆகும்.

பூட்டிய பெட்டி திறந்த கதை

ஜாவாவை ஜேம்ஸ் காஸ்லிங்கும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாக்கினர். 1995இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இயக்கச்சூழலைக் காசு கொடுக்காமலே பெறலாம். ஆனால் அதன் மூலநிரலை எடுத்து, தன் விருப்பம்போல் மாற்றி, மற்றவர்க்கு வழங்கும் உரிமை எல்லார்க்கும் இல்லை. இத்தகையதைத் தனியுரிமை மென்பொருள் என்கிறோம். மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பிறர்க்குக் கொடுக்கவும் உரிமை தருவது திறந்தமூல மென்பொருள் ஆகும்.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. ஒருவர் தம் நிரலைத் திறந்தமூலமாகவே எழுதுகிறார். ஆனால் அது ஓடுவதற்குத் தனியுரிமை இயக்கச்சூழல் ஒன்று இன்றியமையாதது என்றால், அந்த நிரலின் சுதந்திரம் பாதியில் நின்றுவிடுகிறது அல்லவா? கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் 2004இல் இதனை 'ஜாவாப் பொறி' என்று எழுதி எச்சரித்தார். குனு கிளாஸ்பாத் போன்ற திறந்தமூல மாற்றுகளைப் பலர் உழைத்து எழுதிவந்தனர்.

2006 நவம்பரில் ஸன் நிறுவனம் தன் ஜாவாவைக் குனு பொது உரிமத்தின் கீழ்த் திறப்பதாக அறிவித்தது. 2007 மே மாதத்தில் ஓப்பன்ஜேடிகே வெளிவந்தது. ஆனால் பெட்டி முழுவதும் திறக்கவில்லை. ஏறத்தாழ 4 விழுக்காடு நிரல் வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமானது. எழுத்துருவை வரையும் பகுதி, நிறங்களைச் சரிசெய்யும் பகுதி, ஒலிப் பகுதி ஆகியவை அதில் அடங்கும். தனக்கு உரிமையில்லாததை ஸன் எப்படித் திறக்க முடியும்? அந்த இடங்களில் ஃப்ரீடைப், லிட்டில் சிஎம்எஸ் போன்ற திறந்தமூலப் பகுதிகள் பொருத்தப்பட்டன. ரெட்ஹாட் நிறுவனம் 2007 ஜூனில் தொடங்கிய ஐஸ்டீ என்னும் திட்டம் இப்பணியில் முன்நின்றது.

உரைகல்

பொருத்தியது சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பொன்னுக்கு உரைகல் இருப்பதுபோல் ஜாவாவுக்கும் ஓர் உரைகல் உண்டு. 'இப்படிக் கொடுத்தால் இப்படித்தான் விடை வரவேண்டும்' என்னும் சோதனைகளின் மாபெரும் தொகுதி அது. 2008 ஜூனில், ஃபெடோரா 9 லினக்ஸில் இருந்த ஐஸ்டீ ஜாவா இச்சோதனைகளில் தேறியது. பின்னர் 2011இல் வந்த ஜாவா ஏழாம் பதிப்பிலிருந்து, மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரியே ஓப்பன்ஜேடிகேதான் என்று ஆயிற்று.

உரைகல் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். அப்பாச்சி அமைப்பு 2005இல் 'ஹார்மனி' என்ற பெயரில் ஒரு திறந்தமூல ஜாவாவைத் தொடங்கியது. சோதனைத் தொகுதியைப் பயன்படுத்த ஸன் விதித்த நிபந்தனைகளை அவ்வமைப்பு ஏற்கவில்லை. சான்று கிடைக்காமலே அத்திட்டம் 2011இல் முடிவுக்கு வந்தது. நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, அளவுகோலும் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்பதே இதன் பாடம்.

விலையின்மை வேறு, உரிமை வேறு

2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் ஸன்னை வாங்கியது. 2018 செப்டம்பரில் வந்த 11ஆம் பதிப்பில் ஆரக்கிள் ஜாவாவும் ஓப்பன்ஜேடிகேயும் செயலில் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. இரண்டுக்கும் மூலநிரல் பெரும்பாலும் ஒன்றே. ஆக, வேறுபாடு நிரலில் இல்லை, உரிமத்தில்தான் இருக்கிறது.

அந்த உரிமம் எப்படி மாறிவந்தது என்று பாருங்கள். 2011இல், லினக்ஸ் வெளியீட்டாளர்கள் தனியுரிமை ஜாவாவைத் தங்கள் தொகுப்பில் சேர்த்து வழங்கத் தந்திருந்த தனி உரிமத்தை ஆரக்கிள் நிறுத்திக்கொண்டது. 2019 ஏப்ரலில், சொந்தப் பயன்பாட்டுக்கும் நிரல் எழுதிப் பழகுவதற்கும் இலவசம், நிறுவனத்தின் அன்றாட வேலைக்கு ஓட்டினால் கட்டணம் என்று மாற்றியது. 2021 செப்டம்பரில் 17ஆம் பதிப்பை மீண்டும் எல்லார்க்கும் இலவசம் ஆக்கியது. ஆனால் 2024 செப்டம்பருக்குப் பின் வந்த அதன் திருத்தங்களுக்குப் பழைய கட்டுப்பாடு திரும்பியது.

2023 ஜனவரியில் கட்டணக் கணக்கும் மாறியது. ஜாவா எத்தனை கணிப்பொறிகளில் உள்ளது என்று எண்ணாமல், நிறுவனத்தில் மொத்தம் எத்தனை பணியாளர் என்று எண்ணும் முறை வந்தது. அப்போதைய விலைப்பட்டியலில், ஆயிரம் பேருக்குக் குறைவான நிறுவனத்துக்குத் தலைக்கு மாதம் 15 டாலர். 40 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் இரண்டே கணிப்பொறிகளில் ஜாவா ஓடுகிறது என்று கொள்வோம். 40 × 15 × 12 = 7,200 டாலர். இது ஓர் ஆண்டுக் கட்டணம்!

ஆரக்கிள் செய்தது தவறு என்று சொல்வதற்காக இதைக் கூறவில்லை. தன் பொருளுக்கு விலை வைக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நாம் கவனிக்கவேண்டியது வேறு. இன்று விலையின்றிக் கிடைக்கும் தனியுரிமைப் பொருள் நாளை எந்த நிபந்தனையோடு கிடைக்கும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. குனு பொது உரிமத்தின் கீழ் வந்துவிட்ட நிரலோ அப்படி அன்று. அதன் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும்வரை, கையில் உள்ள பிரதியை ஓட்டவும் பிறர்க்குக் கொடுக்கவும் உள்ள உரிமை நம்மிடமே நிற்கும். ஓப்பன்ஜேடிகேயின் உரிமத்தில் ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டுள்ளது: அதன்மேல் ஓடும் நம் நிரலை நாம் திறந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தமிழ் எழுத்தும் புதுச் சில்லும்

'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு முறைப்படி கணிப்பொறி இதை 2965, 3018 என்ற இரண்டு எண்களாக நினைவில் வைக்கிறது. முதலாவது 'க', இரண்டாவது 'ஒ'கரக் குறி. திரையிலோ ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என மூன்று உருவங்கள் வரவேண்டும். கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் அமையவேண்டும். இந்த அடுக்கல் வேலையை ஜாவாவின் 9ஆம் பதிப்பிலிருந்து (2017) ஹார்ஃபபஸ் என்ற திறந்தமூலப் பகுதி செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலும் லிப்ரேஆஃபீஸிலும் தமிழை அடுக்குவது அதுவே. தமிழ் எழுத்து ஓரிடத்தில் பிழையாகத் தெரிந்தால், எந்த வரியில் பிழை என்று தமிழ் தெரிந்த ஒருவரே தேடிப் பார்த்துத் திருத்தம் அனுப்ப வழி உண்டு. பூட்டிய பெட்டியில் முறையீடு மட்டுமே அனுப்பலாம்.

புதுச் சில்லுகளுக்கும் இது பொருந்தும். ரிஸ்க்-ஃபைவ் என்பது எவரும் உரிமக் கட்டணமின்றிப் பின்பற்றக்கூடிய சில்லுக் கட்டளைத் தொகுதி. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' நுண்செயலி இவ்வகையைச் சேர்ந்தது. 2022இல் வந்த ஓப்பன்ஜேடிகே 19ஆம் பதிப்பில் ரிஸ்க்-ஃபைவ் லினக்ஸுக்கான வடிவமும் சேர்க்கப்பட்டது. மூலநிரல் திறந்திருந்ததால், புது வாத்தியத்துக்கு வாசிப்பவரை உருவாக்க ஒரே நிறுவனத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

நம் பக்கத்தில் நடந்தது

சிட்லபாக்கத்துக்கு அண்மையில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2005இல் மத்திய அரசு திறந்தமூல மென்பொருளுக்கென ஒரு தேசிய வள மையத்தை அமைத்தபோது, அப்பொறுப்பு இந்த மையத்துக்கும் சென்னை சி-டாக் நிறுவனத்துக்கும் சேர்த்து அளிக்கப்பட்டது. அம்முயற்சியிலிருந்து 2007இல் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் வெளிவந்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் ஏற்றி வழங்கப்பட்டது.

பாஸ் லினக்ஸ், டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. டெபியனின் முதன்மைத் தொகுப்பில் கட்டற்ற மென்பொருளுக்கு மட்டுமே இடம். ஓப்பன்ஜேடிகே அத்தொகுப்பிலேயே இருக்கிறது. கணிப்பொறிக்கு வழக்கமான திருத்தங்கள் வரும்போது ஜாவாவின் திருத்தங்களும் உடன்வரும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

எந்த இயக்கச்சூழலை ஏற்றுமுன்னும் ஐந்து கேள்விகள் கேட்கவேண்டும்.

1. நாம் ஓட்டப்போகும் நிரல் எந்தப் பதிப்பைக் கேட்கிறது?
2. ஏற்றப்போவது சொந்தக் கணிப்பொறியிலா, ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியிலா? அதற்கு உரிமம் இடந்தருகிறதா?
3. பாதுகாப்புத் திருத்தங்களை யார் தருவார்? எந்த ஆண்டுவரை? ஜாவாவுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு முறை திருத்தம் வரும்.
4. பக்கத்துப் பள்ளிக்கு ஒரு பிரதி கொடுக்கலாமா?
5. தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா?

சில நேரங்களில் தனியுரிமை இயக்கச்சூழலே ஏற்றதாக அமையலாம். பழைய நிரல் ஒன்று அதில் மட்டுமே சோதிக்கப்பட்டிருக்கலாம். ஒரு காலத்தில் நம் நாட்டின் சில அரசு இணையத்தளங்களில் மின்கையொப்பம் இட, உலாவிக்குள் ஓடும் ஜாவா ஆப்லெட் தேவைப்பட்டது. அதற்கான உலாவி இணைப்பு ஆரக்கிள் ஜாவாவுடன் வந்தது, ஓப்பன்ஜேடிகேயில் இல்லை. ஒரு வங்கி, நள்ளிரவில் பழுது வந்தாலும் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்று பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அத்தகைய ஒப்பந்தத்தை ஓப்பன்ஜேடிகேக்கும் தரும் நிறுவனங்கள் உண்டு.

நாம் எடுத்துக்கொண்ட பள்ளிக்கு விடை தெளிவு. நிரல் இரண்டிலும் ஓடும். கணிப்பொறிகள் பத்து, நாளை இருபது ஆகலாம். திருத்தம் தானாக வரவேண்டும். மாணவர் வீட்டுக்கும் பிரதி எடுத்துச் செல்லவேண்டும். எனவே ஓப்பன்ஜேடிகேயே பொருத்தம்.

செய்து பாருங்கள்

1. லினக்ஸ் கணிப்பொறியின் கட்டளைச் சாளரத்தில் ஆங்கிலத்தில் 'ஜாவா' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோட்டையும் அதனோடு ஒட்டி 'வெர்ஷன்' என்ற சொல்லையும் தட்டுங்கள். விடையின் முதல் வரி 'ஓப்பன்ஜேடிகே' என்று தொடங்குகிறதா, 'ஜாவா' என்று தொடங்குகிறதா? உங்களிடம் இருப்பது எது என்று இதிலிருந்து அறியலாம்.

2. ஜாவாக் குறிப்புக் கோப்பு ஒவ்வொன்றும் 202, 254, 186, 190 என்ற நான்கு எண்களோடுதான் தொடங்கும். இவற்றைப் பதினாறடிமான எண்களாக மாற்றி வரிசையாக எழுதுங்கள். ஓர் ஆங்கிலச் சொல்தொடர் கிடைக்கும்! அது என்ன?

3. 'கௌ', 'கோ', 'கை' ஆகிய எழுத்துகளில் எந்தக் குறி மெய்க்கு முன் வருகிறது, எது பின் வருகிறது, எது இருபுறமும் வருகிறது என்று அட்டவணை இடுங்கள். கணிப்பொறிக்கு இதைக் கற்பிக்க எத்தனை விதிகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.