டோப்பா ஒட்டும் திரவப் பசை

நோயினாலோ, தீக்காயத்தினாலோ, மருந்தின் விளைவாகவோ தலைமயிரை இழந்தோர் பலர் டோப்பா அணிகின்றனர். முன்னர் நாடக மேடைக்கே உரியதெனக் கருதப்பட்ட இப்பொருள் இன்று அன்றாட வாழ்விலும் இடம்பெற்றுவிட்டது. ஆனால், அதனை ஒட்டும் பசையைப் பற்றிய அறிவு அதே அளவில் பரவவில்லை. பசை சரியாகப் பிடிக்கவில்லை எனக் குறைகூறுவோர், பல சமயங்களில், அதன் ஈரம் நீங்குமுன்பே டோப்பாவை அழுத்தியவராக இருப்பர்.

இவ்வகைப் பசைகளுள் பெரிதும் வழங்குவது, அக்ரிலிக் என்னும் பாலிமரின் நுண்துகள்கள் நீரில் மிதக்கும் பால்போன்ற திரவமாகும். துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதால் திரவம் வெண்மையாகத் தோன்றுகிறது. நீர் ஆவியாக ஆகத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. வெண்மை மறைந்து தெளிவு உண்டாகிறது. சுவரில் பூசிய சுண்ணாம்பைப்போல் இப்படலம் இறுகிவிடுவதில்லை. உலர்ந்த பின்னும் மென்மையாகவே இருந்து, அழுத்தும்போது தோலின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படர்ந்து பற்றிக்கொள்கிறது. ஆகவே, வெண்மை மறைதலே பசை பதமாயிற்று என்பதற்கு அடையாளம், கடிகாரம் அன்று.

எத்தனை நிமிடம் பொறுத்தல் வேண்டும் என்பதற்கு ஒரே விடை இல்லை. மே மாதத்தில் ஜெய்ப்பூரில் விரைவில் தெளியும் பூச்சு, மழைக்காலத்தில் மும்பையிலோ கொல்கத்தாவிலோ நெடுநேரம் வெண்மையாகவே நிற்கும். காற்றில் நீராவி மிகுந்திருந்தால் பசையிலுள்ள நீர் மெதுவாகவே வெளியேறும். புட்டியில் அச்சிட்டுள்ள நேரத்தை எல்லா ஊருக்கும் பொதுவெனக் கொள்ளுதல் தவறு. மின்விசிறியின் கீழ் அமர்வது நன்மை தரும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை வேறு பாலிமரால் ஆனதெனினும், உலரும் முறை ஏறத்தாழ ஒன்றே. ஒரு கண்ணாடித் துண்டில் அதனை மெல்லியதாகத் தடவி, பக்கத்தில் ஒரு தடித்த துளி இடுக. மெல்லிய பூச்சு விரைவில் தெளியும். தடித்த துளியிலோ மேற்புறம் ஆடைபோல் மூடிக்கொள்ள, உள்ளே வெண்மை நெடுநேரம் நீடிக்கும். டோப்பாவின் அடியில் பசையைத் தடிப்பாகப் பூசினால் நேர்வதும் இதுவே. ஒரு தடித்த பூச்சினும் மூன்று மெல்லிய பூச்சுகள் மேலானவை என்பதை மாணவர் கண்கூடாக அறிவர்.

பூசுமுன் தோலைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் அறத் துடைத்தல் வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கமுள்ள நம் நாட்டில் இதனை வற்புறுத்திக் கூறவேண்டியுள்ளது. எண்ணெய்ப் பசை சிறிதளவு எஞ்சினாலும் ஒட்டு நிலைக்காது. பின்னர், விளிம்பு அமரும் இடத்தில் மட்டும் சிறு தூரிகையால் மெல்லியதாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் தெளிந்த பின்னரே அடுத்ததை இடுக. இறுதிப் பூச்சும் தெளிந்தபின், நெற்றியில் தொடங்கிப் பின்னோக்கிச் சிறிது சிறிதாக அழுத்துக.

எந்தப் பசையாயினும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டளவு தடவி, 48 மணி நேரம் கவனித்தல் வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் அப்பசை அவருக்கு ஆகாது. மேடை நடிகர் மீசை ஒட்டும் ஸ்பிரிட் கம் ஆல்கஹாலில் கரைத்த பிசின். தீப்பற்றக்கூடியது, சிலருக்குத் தோல் அழற்சியும் தருவது. ரப்பர்ப்பால் ஒவ்வாதவருக்கு லேடெக்ஸ் பசையால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மலிவு கருதிச் செருப்புப் பசையையோ, நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையையோ நாடுவோரைக் களப்பணியாளர் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். பின்னது தோலின் ஈரத்தோடு சேர்ந்தவுடன் வெப்பத்தை வெளியிட்டு இறுகுகிறது.

புற்றுநோய்க்கு மருந்து பெறுவோரின் தலைத்தோல் எளிதில் புண்ணாகும். அவர்களுக்குப் பசை வேண்டாத தொப்பிவகை டோப்பாவும், அதனடியில் மெல்லிய பருத்தித் துணியும் போதுமானவை. தலைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர் மருத்துவரைக் கேளாமல் எப்பசையையும் பூசலாகாது.

டோப்பாவைக் கழற்றும்போதே காயங்கள் மிகுதியாக நேர்கின்றன. உலர்ந்த விளிம்பைப் பிடித்து இழுத்தால், பசையோடு தோலின் மேலடுக்கும் உரிந்துவரும். பசைக்கென விற்கப்படும் கரைப்பானை விளிம்பில் நனைத்துச் சில நிமிடம் பொறுத்தால் பிடிப்புத் தானே தளரும். அதன்பின் தலையைக் கழுவி, அடுத்த ஒட்டுக்கு முன் ஓர் இரவேனும் தோலை வெறுமையாக விட்டுவைத்தல் நலம்.