மறைபொருள் விளையாட்டும் கடாரத்து மண்ணும்

கணினித் திரையில் ஒரு பழைய மாளிகையின் பரண் அறை தெரிகிறது. உடைந்த நாற்காலிகள், தூசி படிந்த பெட்டிகள், சுவர்க் கடிகாரம், பறவைக் கூண்டு, கிழிந்த குடை என்று அறை முழுவதும் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. திரையின் அடியில் ஒரு பட்டியல்: சாவி, பூதக்கண்ணாடி, மூன்று பித்தான்கள், ஒரு பல்லி. இவற்றைக் கண்டுபிடித்துச் சொடுக்கினால் அடுத்த அறையின் கதவு திறக்கும். காணாமற்போன மாளிகைக்காரரைப் பற்றிய துப்பும் கிடைக்கும். பள்ளி விடுமுறையில் இத்தகைய விளையாட்டில் மூழ்கி, சாப்பிட அழைத்தாலும் எழாதவர்கள் நம்மிடையே உண்டு. இவற்றைத் தமிழில் மறைபொருள் விளையாட்டு எனலாம். ‘மறைபொருள்’ என்ற சொல்லுக்கு எளிதில் விளங்காத உட்கருத்து என்ற பொருளும் உண்டு. இக்கட்டுரையில் இரண்டு பொருளும் தேவைப்படும்.

கணினி வருவதற்கு முன்பே இவ்விளையாட்டு தாளில் இருந்தது. அமெரிக்காவில் 1946-இல் தொடங்கப்பட்ட ‘ஹைலைட்ஸ்’ என்னும் சிறுவர் இதழ், படத்துக்குள் படம் ஒளித்துவைக்கும் பக்கத்தால் பெயர் பெற்றது. 1987-இல் மார்ட்டின் ஹேன்ட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய ஓவியர், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை அணிந்த வாலி என்பவனைப் பெருங்கூட்டத்துக்கு நடுவே மறைத்து வரைந்தார். அந்நூல் உலகெங்கும் விற்றது. 2005-இன் இறுதியில் பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனம் ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன்பின் பொருள் தேடுவதும் குற்றத்தைத் துப்பறிவதும் ஒன்றாக இணைந்த விளையாட்டுகள் வீட்டுக் கணினிகளில் பெருகின. இவற்றை ஆட விரல்வேகம் வேண்டியதில்லை. பாட்டியும் பேரனும் ஒரே திரைமுன் அமர்ந்து ஆடலாம். அவசரப்பட்டுக் கண்ட இடமெல்லாம் சொடுக்குபவர்களுக்குச் சில விளையாட்டுகள் தண்டனையும் தருகின்றன. சுட்டி சிறிது நேரம் இயங்காது. அந்தத் தண்டனைக்கு இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வருவோம்.

பொருள் கண்முன் இருந்தும் ஏன் தெரிவதில்லை? 1980-இல் ஆன் டிரீஸ்மன் என்ற உளவியல் அறிஞர் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து ஒரு விளக்கத்தை முன்வைத்தார். பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பூ இருந்தால் கண் தேடவே வேண்டியதில்லை. அது தானாகவே முன்வந்து நிற்கும். ஒரு தன்மை மட்டும் வேறுபட்டால் போதும், மூளை உடனே பிடித்துக்கொள்ளும். சிவப்பு வட்டங்களும் பச்சைச் சதுரங்களும் நிறைந்த படத்தில் ஒரே ஒரு சிவப்புச் சதுரத்தைத் தேடும்போது நிலைமை மாறுகிறது. நிறத்தையும் வடிவத்தையும் ஒன்றுசேர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் கவனத்தை ஒவ்வொரு பொருளின் மேலும் நகர்த்தியாக வேண்டும். மறைபொருள் விளையாட்டை வரைபவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். அவர்கள் சாவியை வெறுமனே மூலையில் வைப்பதில்லை. பழுப்பு நிறச் சாவியைப் பழுப்பு நிற ஏணியின் படிபோல் சாய்த்து வைப்பார்கள். ரப்பர்த் தோட்டத்துக் கொட்டகை ஒன்றை இவ்வாறு வரைவதானால், பால் மங்குகளின் வரிசைக்கு நடுவே ஒரு தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால் போதும். அது நெடுநேரம் பிடிபடாது.

பட்டியல் இருக்கும்வரை தேடல் எளிது. பட்டியலில் இல்லாத பொருள் என்னவாகும் என்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நுரையீரலின் ஊடுகதிர்ப் படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 மருத்துவ வல்லுநர்களிடம் கூறினார்கள். படம் ஒன்றில் ஒரு கொரில்லாவின் உருவத்தை ஒட்டிவைத்தார்கள். அது சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. இருந்தும் 20 பேர் அதைக் காணவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்தக் கொரில்லாவின் மீதே விழுந்திருந்தது என்பதைக் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவி காட்டியது. இவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். கட்டியைத் தேடினார்கள்; கட்டியைக் கண்டார்கள். இதே துறையினர் 2005-இல் செய்த மற்றொரு சோதனையில், பயணப்பெட்டிப் படங்களில் பாதியில் ஆயுதம் இருந்தபோது பார்த்தவர்கள் 7 விழுக்காட்டைத் தவறவிட்டார்கள். நூறு படங்களுக்கு ஒன்றில் மட்டும் ஆயுதம் இருந்தபோது தவறவிட்டது 30 விழுக்காடு. அரிதாக வருவதைக் கண் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பாராததைக் காண்பதும் இல்லை.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். கெடாவின் தென்பகுதியில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடையே பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. சுங்கை பட்டாணி, பீடோங், செமிலிங், மெர்போக் ஆகிய ஊர்களில் வாழ்பவர்களுக்கு இது அன்றாடம் கடந்துபோகும் இடம். கடலில் வருபவர்களுக்கு நெடுந்தொலைவிலிருந்தே தெரியும் அடையாளமாக ஜெராய் மலை விளங்கியது. அதை நோக்கி வந்த மரக்கலங்கள் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் ஒதுங்கின. பட்டினப்பாலையில் வரும் ‘காழகம்’ என்பது கடாரமே என்று பழைய உரையாசிரியர் குறிக்கிறார். 1025-இல் முதலாம் இராசேந்திர சோழன் கடற்படை அனுப்பி வென்ற இடங்களின் வரிசையிலும் கடாரம் உண்டு. இத்தனை பெயர் பெற்ற ஊர் பின்னர் மண்ணுக்கடியில் போய்விட்டது. அதன்மேல் காடு வளர்ந்தது. பிறகு ரப்பர் வந்தது. அதன்பின் செம்பனை வந்தது.

இங்கே தேடியவர்களின் கையில் பட்டியல் எதுவும் இல்லை. ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1834-இல் இன்றைய செபெராங் பிறை வட்டாரத்தில் ஒரு கல்வெட்டைக் கண்டார். கடற்பயணம் நலமே முடிய வேண்டி, புத்தகுப்தன் என்ற மாலுமி கி.பி. 5-ஆம் நூற்றாண்டளவில் பொறித்தது அது. அக்கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூறு ஆண்டுகள் கழித்து, 1930-களின் பிற்பகுதியில், குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய மனைவி டோரத்தியும் இப்பள்ளத்தாக்கை முறையாக ஆராய்ந்தனர். ஆற்றங்கரை மேடுகள், செம்புறைக் கல் துண்டுகள், தனித்துக் கிடக்கும் செதுக்கிய கற்கள் ஆகியவற்றைப் பின்தொடர்ந்து சென்று முப்பது இடங்களுக்கு எண் கொடுத்தனர். இன்றும் ஆய்வாளர்கள் ‘எட்டாம் இடம்’, ‘பதினோராம் இடம்’ என்று அந்த எண்களாலேயே குறிப்பிடுகின்றனர். ஒருவகையில் அதுவே பூஜாங்கின் முதல் பட்டியல்.

எட்டாம் இடம்தான் பலரும் படத்தில் பார்த்திருக்கும் புக்கிட் பத்து பாஹாட் கோயில். 1959, 1960 ஆண்டுகளில் அலஸ்டர் லேம்ப் தலைமையில் இது அகழ்ந்து சீரமைக்கப்பட்டது. கருவறைப் பகுதியின் கல் அடித்தளமும், அதன்முன் மண்டபத்தின் தரையும் எஞ்சியிருக்கின்றன. தூண்கள் இல்லை, கூரையும் இல்லை. மண்டபத்தின் தரையில் வரிசையாகக் குழியுள்ள கற்கள் மட்டும் இருக்கின்றன. மரத்தூண்களை நிறுத்திய அடிக்கற்கள் அவை. மரம் மக்கிவிட்டது, அது நின்ற இடத்தைக் கல் காட்டுகிறது. இல்லாத தூணைக் கண்டுபிடிப்பது, இருக்கும் சாவியைக் கண்டுபிடிப்பதைவிட ஒருபடி கடினமானது. எந்தக் கணினி விளையாட்டும் அதைக் கேட்பதில்லை. அகழ்வின்போது அடித்தளத்துக்குள் புதைத்து வைக்கப்பட்ட கற்பேழைகளும் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒன்பது குழிகள். நடுவில் ஒன்று, சுற்றிலும் எட்டு. அவற்றுள் மணிக்கற்கள் போன்றவை இடப்பட்டிருந்தன. கட்டடம் எழுப்புமுன் செய்த சடங்கு அது. இன்றும் வீடு கட்டத் தொடங்கும்போது நம்மவர்கள் நவமணிகளை இட்டுக் கடைக்கால் பூசை செய்வதை நினைத்துப் பார்க்கலாம்.

2009-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் சுங்கை பத்து பகுதியில் அகழத் தொடங்கினர். செம்பனைத் தோட்டத்துக்குள் ஆங்காங்கே இருந்த மேடுகளைத் திறந்தபோது இரும்பை உருக்கிய இடங்களும், உலைக்குக் காற்று செலுத்திய சுடுமண் குழாய்களும், இரும்புக் கசடும் குவியலாகக் கிடைத்தன. அருகே படகுத்துறையின் செங்கல் கட்டுமானமும் இருந்தது. இன்று உள்நாடாகத் தெரியும் இவ்விடத்துக்கு அக்காலத்தில் மரக்கலம் வந்துபோனது. இதன் தொடக்கக் காலம் எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் சோழர் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு உலைகள் எரிந்தன என்பதில் ஐயமில்லை. பூஜாங்கில் உள்ளவை எல்லாம் சோழர் கட்டியவை என்று நம்மில் சிலர் பெருமையோடு கூறுவதுண்டு. சான்றுகள் அப்படிக் கூறவில்லை. இந்து, பௌத்தச் சின்னங்கள் இரண்டும் இங்கே கிடைக்கின்றன. சீனத்துப் பீங்கான் ஓடுகளும் கிடைக்கின்றன. ஒரு துறைமுகம் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கசட்டுத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் கறுத்த, ஓட்டைகள் நிறைந்த கல்லாகத்தான் தெரியும். செம்பனைக் குலை வெட்டப் போகிறவர் அதை மிதித்துக்கொண்டே நாள்தோறும் நடந்திருக்கலாம். அவர் தேடியது பழுத்த குலை. நுரையீரல் படத்துக் கொரில்லாவை இங்கே நினைவுகூரலாம்.

விளையாட்டுக்கும் அகழாய்வுக்கும் உள்ள பெரிய வேறுபாடு பொருளைக் கண்ட பிறகுதான் வெளிப்படும். விளையாட்டில் சொடுக்கியதும் சாவி மறைந்து பையில் சேர்ந்துவிடும். எங்கே இருந்தது என்பது அதன்பின் தேவையில்லை. அகழாய்வில் எங்கே இருந்தது என்பதே பாதி விடை. சுங்கை மாஸ் கிராமத்திலும் பெங்காலான் பூஜாங்கிலும் கடுகளவுக் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. ஒரு மணியைத் தனியே எடுத்து வந்து மேசைமேல் வைத்தால் அது அழகான மணி, அவ்வளவுதான். அதே மணி எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில், எந்த ஓட்டுடன், எந்தக் கரித்துண்டுக்கு அருகே இருந்தது என்று தெரிந்தால், கரியின் வயதைக் கணக்கிட்டு மணியின் காலத்தைச் சொல்லலாம். ஓட்டைக் கொண்டு அது எந்த நாட்டுடன் நடந்த வணிகம் என்று ஊகிக்கலாம். அதனால்தான் ஆய்வாளர்கள் நிலத்தில் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணை மெல்ல மெல்ல அகற்றி, ஒவ்வோர் அடுக்கையும் படமெடுத்து, எடுத்த மண்ணைச் சல்லடையில் சலிக்கிறார்கள். ஒரு சதுரத்துக்குப் பல நாள் ஆகும். பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் ஒருமுறை தோண்டிய மண்ணை மறுபடி தோண்ட முடியாது. கணினியில் தவறாகச் சொடுக்கினால் சுட்டி சில நொடிகள்தான் இயங்காமல் இருக்கும்.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி நாளேடுகளில் வந்தது. வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்செய்தபோது, பூஜாங்கின் பதினோராம் இடமான கோயில் அடித்தளம் இயந்திரங்களால் இடிக்கப்பட்டுவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று கருதப்பட்ட கட்டுமானம் அது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. நிலம் தனியாருக்குச் சொந்தமானது, அந்த இடம் அரசிதழில் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்படவில்லை என்று அப்போது விளக்கம் கூறப்பட்டது. குவாரிட்ச் வேல்ஸ் காலத்திலேயே எண் பெற்ற இடம் அது. யாரும் அறியாமல் மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் தொலைந்ததென்றால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இதுவோ கண்டுபிடிக்கப்பட்டு, எழுதப்பட்டு, பட்டியலில் சேர்ந்த பின்னரும் தொலைந்தது.

2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, பண்பாட்டுச் சிறப்புடையதாகத் தோன்றும் ஒரு பொருளைக் கண்டெடுப்பவர் அதை மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். தோட்டத்தில் கால்வாய் வெட்டும்போதோ வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டும்போதோ செதுக்கிய கல்லோ பழைய செங்கல் வரிசையோ தட்டுப்பட்டால், அதை எடுத்துக் கழுவாமல் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, படமெடுத்துத் தகவல் தெரிவிப்பதே முறை.

சுங்கை பட்டாணியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வெளியில் உள்ள கோயில் அடித்தளங்களில் சில வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அமைக்கப்பட்டவை. புக்கிட் பத்து பாஹாட் கோயில் மட்டும் தான் பிறந்த இடத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் ஓடை ஓடும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு அந்த மண்டபத்து அடிக்கற்களை எண்ணிப் பார்த்தால், கோயிலை அங்கே கட்டியவர்கள் ஏன் அவ்விடத்தைத் தேர்ந்தார்கள் என்பது ஓரளவு புரியும்.

தேடல் இன்னும் நடக்கிறது. ஜெராய் மலையின் வடபுறம், யான் மாவட்டத்தில் புக்கிட் சோராஸ் என்ற குன்று இருக்கிறது. ஜேம்ஸ் லோ காலத்திலேயே அங்கே கட்டடச் சிதைவு இருப்பது குறித்துவைக்கப்பட்டது. பின்னர் குவாரிட்ச் வேல்ஸும் அங்கு சென்றார். அதன்பின் நெடுங்காலம் அது புதர் மூடிக் கிடந்தது. 2023-இலும் 2024-இலும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது பௌத்தக் கட்டடத்தின் சுவர்களும், ஆள் உயரத்தில் அமர்ந்த கோலத்திலுள்ள சுதையாலான புத்தர் சிலையும் வெளிப்பட்டன. முன்பு இருவர் வந்து பார்த்துச் சென்ற அதே குன்றில்தான் அச்சிலை இருந்தது. மற்ற இடங்களெல்லாம் மலையின் தென்புறம் கூட்டமாக இருக்க, இது மட்டும் ஏன் வடபுறத்தில் தனியே நிற்கிறது என்பதற்கு இன்னும் உறுதியான விடை கிடைக்கவில்லை.