குறைமின் கணினியும் தடையின்றி ஓடும் படமும்

வகுப்பறைக்குக் கணினி ஒன்று வாங்கித்தரப் பழைய மாணவர் சிலர் முன்வந்தபோது, "மின் குறைவாக உண்பதாகப் பாருங்கள்" என்று மட்டுமே யான் சொல்லியிருந்தேன். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டை மின்கலத்தோடு போராடிக் கழித்தவர்க்கு வேறெந்தக் கவலை முந்தும்? வந்த கணினி மின்னைச் சிறிதே உண்டது. ஆயின், இணையத்திலிருந்து எடுத்த பாடப் படத்தைத் திரையிட்டவுடன் விக்கி விக்கி நடந்தது. ஒலி முன்னே ஓடப் படம் பின்னே இழுபட்டது. மாணவர் சிரித்தனர். பிழை கணினியினதன்று; கேட்க வேண்டியதைக் கேளாத என்னுடையதே.

கேட்க வேண்டியது யாது? படம் எவ்வாறு ஓடுகின்றது என்பதை முதற்கண் நோக்குவாம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080 எனப் புள்ளிகள் கொண்ட திரையில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள. வினாடிக்கு 30 சட்டகங்கள் எனின், வினாடிதோறும் 6 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறந்தீட்டல் வேண்டும். இவ்வளவையும் அப்படியே சேமித்தல் இயலாமையால், ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே பெரிதும் குறித்துச் சுருக்கி வைக்கின்றனர். சுருக்கியதை விரிக்கும் வேலையைக் கணினியின் பொதுச் செயலி செய்யலாம். அதற்கெனவே அமைத்த தனிச் சுற்றும் செய்யலாம். முன்னையது எவ்வேலையும் அறிந்த ஆள். பின்னையதோ இடியப்ப உரல் போன்றது. ஒன்றே செய்யும், ஆயின் அதனைச் சிறு வலுவில் விரைந்து செய்யும்.

2008இல் வந்த இன்ரெல் அற்றம் என்270 செயலியின் வேகம் 1.6 கிகாஹேட்ஸ். அதனைத் தாங்கிய சிறு மடிக்கணினிகள், எச்.264 முறையிற் சுருக்கிய மேற்கூறிய அளவுப் படத்துக்குத் திணறின. 2012இல் வந்த முதலாவது றாஸ்பெரி பையோ 700 மெகாஹேட்ஸ் வேகமே உடையது. அத்தகைய படத்தை இழுபறியின்றி ஓட்டிற்று. விரிக்கும் சுற்று அதனுள் இருந்தமையே காரணம். வேகத்தை மட்டும் பார்த்து வாங்குவோர் இதனை இருமுறை படிப்பாராக.

சுற்று இருந்தாலும் போதாது. நம் படம் சுருக்கப்பட்ட முறைக்கு அது உரியதாதல் வேண்டும். 2003இல் எச்.264, 2013இல் எச்.265, விபி9, 2018இல் ஏவி1 என முறைகள் பெருகிவிட்டன. யூரியூப் விபி9, ஏவி1 ஆகியவற்றையும் கையாளுகின்றது. 2023இல் வெளிவந்த இன்ரெல் என்100, 6 உவாற்று அளவினதாயினும், இந்நான்கையும் விரிக்கும் சுற்றுடையது. அதே ஆண்டின் றாஸ்பெரி பை 5 எச்.265க்கு மட்டுமே சுற்றுடையது. ஏனையவற்றை அதன் செயலியே சுமக்கும். வலிய செயலியாதலால் எச்.264ஐச் சுமந்தும் விடும்.

மின்செலவும் சிறிதன்று. 80 உவாற்றுக் கணினி நாளுக்கு 6 மணி நேரமாக 200 நாள் ஓடின் 96 அலகு. 10 உவாற்றுக் கணினிக்கு 12 அலகே.

வாங்கச் செல்வோர் தம் படத்தைக் கையோடு கொண்டுசென்று கடையிலேயே ஓட்டிப் பார்க்க. விண்டோசின் ராஸ்க் மனேஜரைத் திறந்துவைத்தால், செயலி முழுமூச்சாய் உழைக்கின்றதா என்பது தெரிந்துவிடும்.

எமது கணினியில் எச்.264க்குச் சுற்று இருந்தது. யான் ஓட்டிய படமோ ஏவி1. பாடப் படங்களை வீட்டுக் கணினியில் எச்.264க்கு மாற்றிக் கொணர்ந்தேன். இரண்டு இரவு பிடித்தது. இப்போது விக்கல் இல்லை.