அடமானத்தில் உள்ள வீட்டை வாடகைக்கு விடுதல்

சங்கத்தில் கடன் பெற்றுக் கட்டிய வீடு; கடன் இன்னும் தீரவில்லை. அவ்வீட்டைப் பிறருக்கு வாடகைக்கு விடலாமா என்று அங்கத்தினர் பலர் நம்மிடம் கேட்கின்றனர். சின்னாளப்பட்டியில் தறி நின்றுபோய்த் திருப்பூருக்குப் பிழைக்கச் செல்லும் நெசவாளிக்கும், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுத் திண்டுக்கல் நகரில் குடியேறும் ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிக்கும் இது அவசியமான விஷயம். பூட்டிய வீட்டிற்கும் மாதத் தவணை உண்டல்லவா?

அடமானம் வைத்ததனாலேயே வாடகைக்கு விடும் உரிமை போய்விடுவதில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 1929இல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவின்படி, வீட்டை அனுபவத்தில் வைத்துள்ள கடனாளி அதனை வாடகைக்கு விடலாம். அவ்வொப்பந்தம் கடன் கொடுத்தவரையும் கட்டுப்படுத்தும். ஆனால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகையே பேசப்பட்டிருத்தல் வேண்டும். வாடகையை முன்கூட்டிப் பெறுதலும், அதற்கென மொத்தத் தொகை வாங்குதலும் ஆகா. காலம் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது; புதுப்பித்துத் தருவதாக வாக்களித்தலும் கூடாது. வாடகை தவறினால் வீட்டைத் திரும்பப் பெறும் நிபந்தனையும் எழுதப்படல் வேண்டும்.

இத்தனையும், அடமானப் பத்திரம் வேறுவிதமாகக் கூறாதவரையில்தான். முன் அனுமதியின்றி வாடகைக்கு விடலாகாது என்ற நிபந்தனை வீட்டுக்கடன் பத்திரங்களில் சகஜம். ஆதலால் பத்திர நகலை முதலில் படித்துப் பாருங்கள். அனுமதியை எழுத்துமூலம் பெறுங்கள். செயலாளர் வாய்மொழியாகத் தந்த சம்மதத்தை, அவர் மாறிச் சென்றபின் எங்கே போய்த் தேடுவது?

நம் வட்டாரத்தில் பெருந்தொல்லை வாடகையால் வருவதன்று, ஒத்தியால் வருவது. மாதவாடகை இல்லை; பெற்ற தொகைக்கு வட்டியும் இல்லை. அவசரத்திற்குக் கைநிறையப் பணம் கிடைப்பதால் அங்கத்தினர் மயங்கிவிடுகின்றனர். வட்டியுடன் சங்கத்திற்கு 7 லட்சம் ரூபாய் பாக்கியுள்ள வீட்டை ஒருவர் 4 லட்சத்திற்கு ஒத்தி விட்டார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து மாதம் ஒரு காசும் வராது. தவணை தவறி, வீடு ஏலத்தில் 9 லட்சத்திற்குப் போனால், முதல் உரிமையுள்ள சங்கத்திற்கு 7 லட்சம் போக மிஞ்சுவது 2 லட்சமே. ஒத்திக்கு வந்தவரின் மீதி 2 லட்சம் வீட்டுக்காரர் தலையில் கடனாக நிற்கும். அதே வீட்டை மாதம் 5,000 ரூபாய்க்கு விட்டிருந்தால் மூன்றாண்டில் 1,80,000 ரூபாய் தவணைக்கு உதவியிருக்கும்.

ஒத்திக்கு வருபவரும் நம் அங்கத்தினராகவே இருத்தல் கூடும். அவருக்கும் சில வார்த்தைகள். வட்டிக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கும் ஒத்தி, சட்டத்தின் பார்வையில் அடமானமே; 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகைக்குப் பதிவு கட்டாயம். முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டதோடு நிறுத்திக்கொண்டால், மேற்சொன்ன 2 லட்சத்திற்குக்கூட வீட்டின்மீது அடமான உரிமை கோர இயலாது. பணம் கொடுக்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறுங்கள். மூலப்பத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் அது இல்லையெனில், எவரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

மாதவாடகைக்கு விடுவோரும் எழுத்தின்றி விடலாகாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யக் கோருகிறது.

ஏற்கெனவே ஒத்திக்கு விட்டுவிட்டவர்கள் தவணை தவறும்வரை காத்திராமல் சங்கத்திற்குத் தெரிவித்துவிடுதல் நலம். ஒத்தித் தொகை செலவாகாமல் இருந்தால், குடியிருப்பவரின் சம்மதத்துடன் அதனைக் கடனில் செலுத்திப் பாக்கியைக் குறைக்கலாம். செலுத்திய ரசீதின் நகல் ஒன்றைக் குடியிருப்பவரிடமும் கொடுத்துவிடுங்கள்.